சுவருக்குள் வருவது எந்தக் கம்பி?

புது நாட்டில் வீட்டுச் சாவி கைக்கு வந்ததும் இணைய நிறுவனங்களின் விலைப்பட்டியலை ஒப்பிட உட்கார்ந்துவிடுகிறோம். அதற்கு முன் வீட்டுச் சுவரைப் பாருங்கள். ஒரே நிறுவனத்தின் ஒரே '100 எம்பிபிஎஸ்' திட்டம்கூட, வீட்டுக்குள் வரும் கம்பியைப் பொறுத்து வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும். அது தொலைபேசிக்கான தாமிரக் கம்பியாக இருக்கலாம், டிவிக்கான கோஆக்சியல் கேபிளாக இருக்கலாம், கண்ணாடி இழையாக (ஃபைபர்) இருக்கலாம்.

தாமிரக் கம்பியின் எதிரி தூரம். கம்பி நீள நீள உயர் அதிர்வெண்கள்தான் முதலில் தேய்கின்றன. வேகம் கிடைப்பதே அவற்றால்தான். தெருமுனைப் பெட்டியிலிருந்து 300 மீட்டருக்குள் வீடு இருந்தால், தொலைபேசிக் கம்பியிலேயே இணையம் தரும் விடிஎஸ்எல் இணைப்பு 100 எம்பிபிஎஸ் வரை தரும். ஒன்றரை கி.மீ. தள்ளியிருந்தால் 20, 25 கிடைப்பதே பெரிது. விளம்பரத்தில் உள்ள 'வரை' என்ற சொல் இதற்காகத்தான். 'என் முகவரிக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு வரும்?' என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கோஆக்சியல் கேபிளில் டவுன்லோடு தாராளம், அப்லோடு கஞ்சத்தனம். கேபிளில் ஓடும் அலைவரிசையில் அடிப்பகுதியில் ஒரு சிறு துண்டைத்தான் அப்லோடுக்கு ஒதுக்கினார்கள். பல நாடுகளில் அது 5 முதல் 42 அல்லது 65 மெகாஹெர்ட்ஸ் வரைதான். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் வீடியோ சந்திப்பில் உறைந்துபோவதற்கு இந்தத் துண்டு நிரம்புவதும் ஒரு காரணம். போதாததற்கு ஒரு பகுதியே ஒரே கேபிளைப் பங்கிடுவதால் இரவு எட்டு மணிக்கு மேல் இழுபறிதான்.

ஃபைபர் கிடைக்கிறதா? வேறு யோசனையே வேண்டாம். ஆனால் 'ஃபைபர்' என்று விற்கப்படுவதில் பாதி வழி தாமிரமாக இருப்பதும் உண்டு. இழை தெருமுனை வரைதானா, வீட்டுக்குள்ளேயே வருகிறதா என்று கேளுங்கள். உள்ளே வந்திருந்தால் சுவரில் ஒரு சிறு பெட்டியும், பெரும்பாலும் பச்சை நிற முனை கொண்ட மெல்லிய கேபிளும் இருக்கும். அந்தப் பச்சைக்குக் காரணம் உண்டு: உள்ளிருக்கும் கண்ணாடி முகம் 8 டிகிரி சாய்வாகத் தீட்டப்பட்டது. எதிரொளிக்கும் ஒளி வந்த வழியே திரும்பாமல் பக்கவாட்டில் சிதறிவிடும். சாய்வில்லாத முகம் கொண்ட நீல முனையை அதில் செருகினால் இரு முகங்களும் பொருந்தாமல் ஒளி வீணாகும், முனையும் கீறலாம்.

ஒரே இழையைப் பல வீடுகளுக்குப் பகிரும் ஜிபான் முறை பரவலாக உள்ளது. அதில் நிறுவனக் கருவியின் ஒரு போர்ட் (இழை செருகும் முனை), டவுன்லோடில் 2.488 ஜிபிபிஎஸ், அப்லோடில் 1.244 ஜிபிபிஎஸ் தரும். மின்சாரமே தேவைப்படாத ஒரு பிரிப்பான் அதை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பகிர்கிறது. 32 வீட்டாரும் ஒரே நொடியில் முழுமூச்சாக இழுத்தால் ஆளுக்குச் சுமார் 78 எம்பிபிஎஸ்தான். அப்படி எல்லோரும் சேர்ந்து இழுப்பது அபூர்வம் என்பதால்தான் ஒவ்வொருவருக்கும் 500 விற்க முடிகிறது. அலமாரியைத் தள்ளிப் போட்டதும் பெட்டியில் 'எல்ஓஎஸ்' (ஒளி வரவில்லை என்று காட்டும்) விளக்கு சிவப்பாக எரிந்தால், பின்னால் இழை மடிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கூர்மையாக வளைத்தால் ஒளி இழையை விட்டு வெளியே கசிந்துவிடும்.

கம்பி இணைக்க ஆள் வர வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை 5ஜி ரூட்டர் கைகொடுக்கும். குளிர்நாட்டு வீடுகளில் வெப்பம் காக்க ஜன்னல் கண்ணாடியில் பூசும் மெல்லிய உலோகப் படலம் ரேடியோ அலையையும் தடுக்கும். ரூட்டரை அறை அறையாக மாற்றி வைத்துச் சோதியுங்கள். செயற்கைக்கோள் இணைப்பு, வேறு எதுவும் எட்டாத இடத்துக்கு. 35,786 கி.மீ. உயரத்துச் செயற்கைக்கோள் என்றால் கேள்வி போய்ப் பதில் வரவே கிட்டத்தட்ட அரை நொடி, 550 கி.மீ. உயரத்தில் சுற்றுபவை பரவாயில்லை.

தாமதத்தைப் பற்றி இன்னொன்று. கண்ணாடிக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடும். 8,000 கி.மீ. தள்ளியிருக்கும் உறவினரோடு பேசினால் போய்வரக் குறைந்தது 80 மில்லி நொடி; கடலடிக் கேபிள்கள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் நடப்பில் இன்னும் கூடும். 100-லிருந்து 1000 எம்பிபிஎஸ்ஸுக்கு மாறினாலும் இது குறையாது. 4கே படத்துக்கு 15 முதல் 25 எம்பிபிஎஸ் போதும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 100 தாராளம், அப்லோடு 20-க்குக் குறையாமல் இருந்தால்.

இணைப்பு வந்ததும் மடிக்கணினியைக் கேபிள் வழியாக ரூட்டரில் செருகிச் சோதியுங்கள். 500 எம்பிபிஎஸ் வாங்கியும் எண் 94-ஐத் தாண்டாமல் நின்றால் நிறுவனத்தோடு சண்டைக்குப் போக வேண்டாம். ஈத்தர்நெட் கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் உண்டு. கிகாபிட் வேகத்துக்கு நான்கும் வேண்டும். ஒன்று அறுந்தாலும் இணைப்பு 100-க்கு இறங்கிவிடலாம், ஒவ்வொரு தரவுத் துண்டோடும் ஒட்டிப் போகும் முகவரி போன்ற கூடுதல் தகவல்கள் போக மிஞ்சுவது 94. முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

பழைய நாட்டு மோடத்தைப் பெட்டியில் கட்டாதீர்கள். ஃபைபர் பெட்டியோ கேபிள் மோடமோ நிறுவனம் தன் பட்டியலில் பதிந்தால்தான் வேலை செய்யும். தனி ரூட்டர் மட்டும் வரலாம். அடாப்டரில் 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள், அமைப்புகளில் நாட்டின் பெயரை மாற்றுங்கள். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 13-ம் சேனல் ஐரோப்பாவில் சாதாரணம். அமெரிக்காவுக்கென்று விற்ற கைபேசிகள் பலவற்றுக்கு அந்த சேனல் கண்ணிலேயே படாது. வைஃபை இருந்தும் ஒரு கைபேசியில் மட்டும் பெயர் தெரியவில்லை என்றால் சேனலை 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றுக்கு மாற்றுங்கள்.

ஒப்பந்தத்தில் மூன்று வரிகளைத் தேடுங்கள்: அறிமுக விலை முடியும் மாதம், வீடு மாறினால் என்ன ஆகும், இடையில் விலகினால் எவ்வளவு தண்டம். வாடகை ஒப்பந்தம் ஓராண்டுக்கு என்றால் இரண்டாண்டு இணையத்தில் கையெழுத்திடாதீர்கள். நிறுவனம் தந்த பெட்டியின் வரிசை எண்ணை முதல் நாளே படம் எடுத்து வையுங்கள். வீட்டைக் காலி செய்யும்போது அதைத் திருப்பிக் கொடுத்ததற்கு ரசீதும் வாங்குங்கள்.