இதாய்ப்பு அணை: ஓர் ஆறு, இரண்டு அதிர்வெண்கள்

பிரேசிலுக்கும் பராகுவேக்கும் எல்லையாக ஓடும் பரானா ஆற்றின் குறுக்கே நிற்கும் இதாய்ப்பு அணையின் மின்நிலையத்தில் தலா 700 மெகாவாட் திறனுள்ள 20 மின்னாக்கிகள் உள்ளன. அவற்றில் பத்து 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணிலும் (விநாடிக்கு 50 அலைகள்), மற்ற பத்து 60 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணிலும் மின்சாரம் தருகின்றன. ஒரே நீர்த்தேக்கம், ஒரே நீர்மட்டம், ஒரே கட்டடம். ஆயினும் உள்ளே இரண்டு மின்நிலையங்கள் இயங்குகின்றன. இந்த அணையின் வரலாற்றிலும் பொறியியலிலும் மிகவும் கவனிக்கத்தக்கது இந்தப் பிரிவினையே என்பது என் கருத்து.

இரு நாடுகளுக்கும் இடையே குவைரா அருவிப் பகுதியில் எல்லைத் தகராறு நிலவிவந்தது. 1966ஆம் ஆண்டு ஜூன் மாதம் கையெழுத்தான இகுவாசு ஆவணத்தில், ஆற்றின் நீர்வளத்தை இணைந்து பயன்படுத்தவும், கிடைக்கும் மின்சாரத்தைச் சரிபாதியாகப் பகிரவும் இரு நாடுகளும் உடன்பட்டன. 1973ஆம் ஆண்டு ஏப்ரல் 26 அன்று கையெழுத்தான ஒப்பந்தம் அதற்குச் சட்ட வடிவம் தந்தது. ஒரு நாடு தன் பங்கில் பயன்படுத்தாத மின்சாரத்தை மற்ற நாட்டுக்கே விற்க வேண்டும் என்ற விதியும் அதில் இருந்தது.

கட்டுமானத்துக்கு முதலில் ஆற்றைத் திசைதிருப்ப வேண்டியிருந்தது. சுமார் 2 கிலோமீட்டர் நீளமும் 150 மீட்டர் அகலமும் 90 மீட்டர் ஆழமும் கொண்ட கால்வாயைப் பாறையில் குடைந்து, 1978 அக்டோபரில் பரானாவை அதன் வழியே விட்டார்கள். உலர்ந்த ஆற்றுப்படுகையில் எழுந்த முதன்மை அணையின் உயரம் 196 மீட்டர். அதன் கான்கிரீட் கூறுகளின் உட்புறம் வெற்றிடமாக விடப்பட்டதால் கான்கிரீட் பெருமளவு மிச்சமானது. அடித்தளத்தில் கசிந்து மேல்நோக்கித் தள்ளும் நீரின் அழுத்தமும் குறைந்தது.

1982 அக்டோபர் 13 அன்று மதகுகள் மூடப்பட்டன. பெருமழை பெய்ததால் பதினான்கே நாள்களில் நீர்த்தேக்கம் நிரம்பி, ஏறத்தாழ 1,350 சதுர கிலோமீட்டர் பரப்பில் நீர் விரிந்தது. தகராறுக்குரிய நிலத்தோடு, உலகின் மிகப் பெரிய நீரோட்டமுள்ள அருவிகளுள் ஒன்றான குவைராவும் மூழ்கிப்போனது. அவா குவாரனி பழங்குடி மக்கள் உட்படப் பல்லாயிரக்கணக்கானோர் தங்கள் நிலத்தை இழந்தனர். உற்பத்திக் கணக்குகளைப் பேசும்போது இந்த இழப்பையும் சேர்த்தே பேச வேண்டும்.

ஒவ்வொரு டர்பைனிலும் விநாடிக்கு ஏறத்தாழ 700 கன மீட்டர் நீர், சுமார் 118 மீட்டர் உயர வேறுபாட்டின் அழுத்தத்தோடு பாய்கிறது. அருகிலுள்ள புகழ்பெற்ற இகுவாசு அருவியின் சராசரி நீரோட்டம் முழுவதையும் திருப்பிவிட்டாலும் இத்தகைய இரண்டு டர்பைன்களையே இயக்க முடியும். நீரின் அளவும் உயர வேறுபாடும் டர்பைன் சிறப்பாகச் சுழலும் வேகத்தை ஏறக்குறைய முடிவுசெய்துவிடுகின்றன. இங்கே அது நிமிடத்துக்குச் சுமார் 90 சுற்று. அப்படியானால் இரண்டு அதிர்வெண்கள் எப்படிக் கிடைக்கின்றன?

விடை, டர்பைனின் தண்டோடு சேர்ந்து சுழலும் மின்காந்தங்களின் எண்ணிக்கையில் இருக்கிறது. ஒரு வடதுருவமும் ஒரு தென்துருவமும் கம்பிச்சுருளைக் கடந்துசெல்லும்போது மின்னோட்டம் ஒரு முழு அலையை நிறைவுசெய்கிறது. 50 ஹெர்ட்ஸ் இயந்திரத்தின் சுழலியில் 66 துருவங்கள், அதாவது 33 இணைகள் உள்ளன, நிமிடத்துக்கு 90.9 முறை சுழன்றால் விநாடிக்கு 50 அலைகள் உருவாகும். 60 ஹெர்ட்ஸ் இயந்திரத்தில் 78 துருவங்கள், அதாவது 39 இணைகள், அது 92.3 முறை சுழன்று 60 அலைகளைத் தருகிறது. வேகத்தில் உள்ள வேறுபாடு மிகச் சிறியது. துருவங்களைக் கூட்டியதே அதிர்வெண்ணை உயர்த்தியது.

பராகுவே தன் 50 ஹெர்ட்ஸ் மின்வலையமைப்பை 60 ஹெர்ட்ஸுக்கு மாற்றிக்கொண்டால் எல்லாம் எளிதாகிவிடும் என்று அப்போது யோசனை கூறப்பட்டது. அந்நாடு அதை ஏற்கவில்லை. அது நியாயமான மறுப்பே என்று கருதுகிறேன். ஆற்றில் சரிபாதி உரிமையுள்ள நாடு, அண்டை நாட்டின் வசதிக்காகத் தன் வலையமைப்பையே மாற்றியமைக்க வேண்டியதில்லை. ஆனால், பராகுவேயின் சொந்தத் தேவை அன்று மிகக் குறைவாக இருந்ததால், அதன் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் பெரும்பகுதி 60 ஹெர்ட்ஸ் வலையமைப்புள்ள பிரேசிலுக்கே செல்ல வேண்டியிருந்தது. அதிர்வெண் வேறுபட்ட இரு மாறுதிசை வலையமைப்புகளை நேரடியாக இணைத்தால், அவற்றின் அலைகள் ஒன்றுக்கொன்று விலகிக்கொண்டே போய், கருவிகளைச் சிதைக்கும் அளவுக்குப் பெரும் மின்னோட்டம் பாயும்.

அதனால் அதிர்வெண்ணே இல்லாத நேர்திசை மின்னோட்டத்தை இடையில் புகுத்தினார்கள். அணைக்கு அருகே ஃபோஸ் தோ இகுவாசுவில் உள்ள நிலையம், தைரிஸ்டர்கள் என்ற குறைகடத்தி நிலைமாற்றிகளின் உதவியால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை நேர்திசையாக்குகிறது. பூமியைப் பொறுத்து ஒரு கம்பியில் நேர் 600 கிலோவோல்ட்டும் மற்றொன்றில் எதிர் 600 கிலோவோல்ட்டுமாக, ஏறத்தாழ 800 கிலோமீட்டர் பயணித்து, சாவோ பாவுலோவுக்கு அருகிலுள்ள இபியூனாவை அடைந்ததும் அது 60 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்சாரமாக மாற்றப்படுகிறது. இவ்வளவு நெடுந்தொலைவுக்கு நேர்திசைத் தடத்தில் இழப்பு குறைவு என்பதால், அரசியல் காரணத்தால் வந்த இந்த ஏற்பாடு தொழில்நுட்ப ரீதியாகவும் பயனளித்தது.

1984இல் உற்பத்தி தொடங்கியது; கடைசி இரண்டு இயந்திரங்கள் 2007இல்தான் முறைப்படி இயக்கிவைக்கப்பட்டன. 2016இல் இந்நிலையம் 103 டெராவாட் மணிக்கு (10,300 கோடி யூனிட்டுக்கு) மேல் மின்சாரம் தந்தது. திறனில் மிகப் பெரியதான சீனாவின் மூன்று பள்ளத்தாக்கு அணையோடு ஆண்டு உற்பத்தியில் இது நெடுங்காலம் போட்டியிட முடிந்ததற்கு, மேற்பகுதியில் உள்ள பல அணைகளால் சீராக்கப்பட்ட பரானாவின் நீரோட்டம் முக்கியக் காரணம். இப்போது பராகுவேயின் தேவை ஆண்டுதோறும் வளர்ந்துவருகிறது. அது வளர வளர, 50 ஹெர்ட்ஸ் இயந்திரங்களின் மின்சாரத்தில் மேலும் மேலும் பெரிய பங்கு எந்த மாற்றமும் இன்றி அந்நாட்டின் வலையமைப்புக்கே செல்கிறது.