ட்ரையாஜ்: நோயாளிக்கு எதற்குத் தரம்?

‘நோயாளிகளைத் தரம் பிரித்தல்’ என்ற தொடர் முதலுதவிப் பயிற்சிகளிலும் துண்டறிக்கைகளிலும் நிலைத்துவிடும் போலிருக்கிறது. பாளையங்கோட்டையில் அண்மையில் நடந்த ஒரு வகுப்பில் பிற்பகல் முழுக்க இதையே கேட்டேன். ட்ரையாஜ் என்ற சொல்லுக்குத் தமிழாக இதை வழங்குகிறார்கள். பொருந்தாத தமிழ், கேடான தமிழும்கூட.

பலர் ஒரே நேரத்தில் அடிபட்டுக் கிடக்கிறார்கள், உதவிக்கு இருக்கும் கைகளோ குறைவு. அப்போது யாரை முதலில் பார்ப்பது, யாரை முதலில் வண்டியில் ஏற்றுவது, எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவது என்று முடிவெடுப்பதுதான் ட்ரையாஜ். பிரெஞ்சு மொழியில் ‘த்ரியே’ என்றால் பொறுக்கிப் பிரிப்பது. ஆங்கிலத்துக்கு வந்தபோது கம்பளியையும் பிறகு காப்பிக் கொட்டையையும் ரகம் பிரிப்பதற்கு வழங்கியது. முதல் உலகப் போர்க் காலத்தில் மருத்துவச் சொல்லாக வேரூன்றியது.

தரம் பிரித்தலை ஆதரிப்பவர்கள் இந்தக் கம்பளியைத்தான் சான்றாகக் காட்டுகிறார்கள். வேர்ப்பொருள் அதுதானே என்கிறார்கள். சொல் பிறந்த இடத்தைப் பார்த்தவர்கள், அது போய்ச் சேர்ந்த இடத்தைப் பார்க்கவில்லை. நெப்போலியன் படையின் மருத்துவர் லாரே, காயத்தின் கடுமையை மட்டும் பார்த்துச் சிகிச்சை செய்ய வேண்டும், பதவியைப் பார்க்கக் கூடாது என்றார். தளபதியும் சிப்பாயும் அவர் முன் ஒன்று. மனிதரின் தரத்தை ஒதுக்கி வைத்ததால் உருவான முறைக்கே ‘தரம்’ என்று பெயர் சூட்டுவது எப்படிச் சரியாகும்?

தமிழில் தரம் என்பது மதிப்பைக் குறிக்கும். கருப்பட்டிக்கும் பீடி இலைக்கும் தரம் உண்டு. முதல் தரம் என்றால் உயர்ந்தது. மூன்றாந்தரம் என்றால் வசை. மகன் ‘முதல் தரத்தில்’ இருக்கிறான் என்று கேட்கும் தாய், பிழைத்துவிட்டான் என்று நினைப்பாள். உண்மையில் அவன்தான் சாவுக்கு மிக அருகில் இருப்பவன். கேட்பவரை நேர் எதிர்த்திசையில் கொண்டுபோகும் சொல்லை அவசர சிகிச்சையில் எப்படி வைத்திருப்பது?

நாங்குநேரிப் பக்கம் நான்குவழிச் சாலையில் ஒரு வேன் கவிழ்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 108 வண்டி வருகிறது. கை முறிந்த ஒருவர் அலறுகிறார். கூட்டம் அவரைத்தான் முதலில் தூக்கி வருகிறது. சாலையோரம் ஒரு கல்லூரிப் பையன் சத்தமில்லாமல் கிடக்கிறான். ‘நடக்க முடிந்தவர்கள் இந்தப் பக்கம் வாருங்கள்’ என்கிறார் மருத்துவ உதவியாளர். நடந்து வந்தவர்களுக்குப் பச்சை அடையாளம், அவர்கள் பொறுக்கலாம். கை முறிந்தவரும் அதில்தான். பிறகு பையனிடம் போகிறார். மூச்சு நிமிடத்துக்கு முப்பதைத் தாண்டாமல் இருக்கிறதா? மணிக்கட்டில் நாடி தெரிகிறதா? நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்புகிறதா? சொன்னதைச் செய்கிறானா? ஒன்று தவறினாலும் சிவப்பு, உடனே பார்க்க வேண்டியவன். எல்லாம் சரியாக இருந்து, நடக்க மட்டும் முடியாவிட்டால் மஞ்சள், சிவப்புக்கு அடுத்து. மூச்சுப்பாதையைத் திறந்துவிட்ட பிறகும் மூச்சே இல்லாவிட்டால் கறுப்பு, காப்பாற்ற வழியில்லாதவர். 1983இல் கலிபோர்னியாவின் நியூபோர்ட் பீச்சில் வகுத்த ‘ஸ்டார்ட்’ முறை இது. ‘நேரே ஹைகிரவுண்டுக்கு விடு’ என்று, பாளையங்கோட்டை அரசு மருத்துவமனையைச் சொல்லிக் கூட்டம் கத்தலாம். மூச்சுப்பாதை திறந்து நிற்காத பையனுக்கு வழியிலுள்ள மருத்துவமனை முதலில் தேவைப்படலாம். அந்த முடிவும் ட்ரையாஜ்தான். இதில் தரம் எங்கே வந்தது?

‘வகைப்படுத்தல்’ என்கிறார்கள் சிலர். குற்றமில்லை, ஆனால் உயிரும் இல்லை. நூலகத்திலும் வகைப்படுத்துகிறோம், அங்கே யாரும் முந்துவதில்லை. ‘முன்னுரிமைப்படுத்தல்’ என்பது வாயில் நுழைவதற்குள் வண்டி கிளம்பிவிடும். அதோடு, சிவப்பில் இருப்பவர் உரிமை கேட்டு வாங்கிய இடம் அல்ல அது.

நான் சொல்வது ‘முந்துமுறை’. தாமிரபரணிப் பாசனத்தில் வயலுக்குத் தண்ணீர் விடுவதை ‘முறை’ என்றுதான் சொல்கிறோம். யாருக்கு எப்போது என்ற வரிசையும், அந்த வரிசை நியாயமாக இருக்க வேண்டும் என்ற எண்ணமும் அந்த ஒரு சொல்லில் உண்டு. ஆபத்தில் இருப்பவர் முந்துகிறார், மற்றவர் பொறுக்கிறார். ‘முந்துமுறை பார்த்தாயிற்றா?’ என்று செவிலியர் கேட்டால் ஓட்டுநருக்கும் புரியும், உடன் வந்த உறவினருக்கும் புரியும். இது வேண்டாமென்றால் ட்ரையாஜ் என்றே எழுதுங்கள். தவறான தமிழைவிடத் தமிழ் எழுத்தில் வந்த கடன்சொல் மேல்.

அகராதியில் முதலில் வரும் பொருளை எடுத்து ஒட்டிவிட்டு நகர்ந்துவிடும் பழக்கத்தின் விளைவு இதெல்லாம். வைட்டல் சைன்ஸ் என்பதை ‘முக்கிய அறிகுறிகள்’ என்று எழுதுகிறார்கள். நாடி, மூச்சு, ரத்த அழுத்தம், உடல்வெப்பம் எல்லாம் உயிர் இருப்பதைச் சொல்பவை. ‘உயிர்க்குறிகள்’ என்று எழுதினால் எவ்வளவு தெளிவு! நம் செய்தித்தாள்களுக்கு ஒரு காலத்தில் ‘கவலைக்கிடம்’ என்ற சொல் கிடைத்தது. படித்தவுடன் வயிற்றைப் பிசையும், எதையும் மிகைப்படுத்தாது. அந்தக் கவனத்தோடு யோசித்தால் ட்ரையாஜுக்கு முந்துமுறையைவிட நல்ல சொல்லும் கிடைக்கும். கிடைத்தால் என் சொல்லை விட்டுவிடுகிறேன். துண்டறிக்கைகளின் அடுத்த பதிப்பில் ‘தரம்’ மட்டும் இருக்கக் கூடாது.