சைக்கிளை மூலையில் சாத்துமுன் காற்றை இறக்காதீர்கள்

பள்ளிக்கூடம் திறக்கும் வாரம் வந்தால் தருமபுரியில் எங்கள் சைக்கிள் கடை வாசலில் நிற்க இடம் இருக்காது. கோடை விடுமுறை முழுக்கச் சாத்தி வைத்த வண்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வரும். இந்த ஜூனில் பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒருவர் மகளின் சைக்கிளை மினி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். 11-ஆம் வகுப்பில் பள்ளியில் கொடுத்த விலையில்லா சைக்கிள். பெயிண்டில் ஒரு கீறல் இல்லை. ஆனால் இரண்டு டயரும் தரையில் பட்ட இடத்தில் மடிந்து, பக்கவாட்டில் வெடிப்பு விட்டு, உள்ளே நூல் தெரிந்தது.

"வெயிலுக்கு ட்யூப் வெடிச்சிடும்னு காத்த எறக்கி வெச்சேன்ணா" என்றார்.

வருடா வருடம் இதே பதில்தான். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. புது டயரைக் குப்பையில் போடும்போது வயிறு எரிகிறது.

நிழலில் நிற்கும் சைக்கிள் ட்யூப் வெயில் காலம் என்பதற்காக வெடிக்காது. சூடு ஏறினால் காற்று விரியும், உண்மைதான். ஆனால் எவ்வளவு? 25 டிகிரியில் அடித்த காற்று 45 டிகிரிக்குப் போனாலும் அழுத்தம் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் கூடும். பின்னால் கேரியரில் ஆள் உட்கார, முன்னால் மூட்டை தொங்க, பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அத்தனை அதிர்ச்சியையும் தாங்கும் ட்யூபுக்கு இது பெரிதில்லை. வெடித்த கதை சொல்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். உச்சி வெயிலில் நிறுத்தியிருப்பார்கள், இல்லையென்றால் டயர் ஏற்கெனவே நைந்திருக்கும்.

காற்று இல்லாவிட்டால்தான் கேடு. வண்டியின் மொத்த எடையும் ரிம் வழியாக டயரின் ஒரே இடத்தில் இறங்கும். அந்த இடம் மடியும். இரண்டு மாதம் அதே மடிப்பில், அதே சூட்டில் நின்றால் ரப்பர் விறைத்து வெடிப்பு விடாமல் என்ன செய்யும்? உள்ளே ட்யூபும் அதே கோட்டில் மடிந்து கிடக்கும். அப்புறம் காற்றடித்து ஓட்டிய மூன்றாம் நாள் அந்த மடிப்பிலேயே பிளக்கும். அதில் பஞ்சர் ஒட்டினாலும் நிற்காது. ஆக, காற்றை இறக்காதீர்கள். இறக்காவிட்டாலும் அது தானாகக் குறையும், அதனால் மாதம் ஒருமுறை அடித்து வையுங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் லேசாக மட்டும் அமுங்க வேண்டும். இன்னும் நல்லது, ஹேண்டில்பாரிலும் சீட்டிலும் கயிறு கட்டி உத்தரத்தில் தொங்கவிடுவது. தொங்கும் வண்டிக்குக் காற்று குறைந்தாலும் பாதகமில்லை.

நிறைய பேர் காற்று நிற்கவில்லை என்றதும் பஞ்சர் என்றே முடிவுகட்டி வருகிறார்கள். முதலில் வால்டியூபை, அதாவது வால்வில் மாட்டியிருக்கும் சின்ன ரப்பர் குழாயைப் பாருங்கள். சும்மா நிற்கும் வண்டியில் அந்தச் சின்ன ரப்பர் பிசுபிசுத்துப்போய் வால்வில் ஒட்டிக்கொள்ளும், அல்லது காய்ந்து கீறும். வால்வின் வாயில் எச்சில் தொட்டு வைத்தால் குமிழி வரும். சில ரூபாய் வேலை அது. தேவையில்லாமல் டயரைக் கழற்றவிடாதீர்கள்.

அடுத்தது, வைக்கும் இடம். நம் ஊரில் சைக்கிள் போகும் இடம் ஒன்று மாட்டுக் கொட்டாய், இல்லையென்றால் மோட்டார் கொட்டாய். இரண்டுமே வேண்டாம். மாட்டு மூத்திர ஆவி ரிம்மையும் ஸ்போக்ஸ் கம்பியையும் தின்றுவிடும். மோட்டார் கொட்டாயில் பொட்டாஷ் மூட்டை இருக்கும். அது உப்பு, ஈரத்தை இழுத்துக்கொண்டு பக்கத்தில் இருக்கும் இரும்பை அரிக்கும். மூட்டைமேல் சாத்தி வைத்த வண்டியில், மூட்டை பட்ட பக்கம் மட்டும் ரிம் முழுக்கத் துருவேறி வந்ததைப் பார்த்திருக்கிறேன். மறுபக்கம் பளபளவென்று இருந்தது. இன்வெர்ட்டர் பேட்டரி பக்கமும் வேண்டாம்.

பிளாஸ்டிக் தாளைச் சுற்றி இறுக்கிக் கட்டுகிறார்களே, அதையும் நிறுத்துங்கள். உள்ளே போன ஈரம் வெளியே வராது. பழைய வேட்டி போதும்.

எண்ணெய் விஷயம். சமையலறையிலிருந்து கடலை எண்ணெயை எடுத்து செயினில் ஊற்றாதீர்கள். நாளானால் பிசினாகி, புழுதியோடு சேர்ந்து செயின் மடங்கவே மடங்காது. மண்ணெண்ணெயும் வேண்டாம், அது இருக்கும் கிரீஸையும் கழுவிக்கொண்டு போய்விடும். செயினைத் துணியால் துடைத்து, மெஷின் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். டயரிலும் பிரேக் கட்டையிலும் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது.

பெங்களூருக்குக் கட்டட வேலைக்குக் குடும்பத்தோடு போகிறவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை இங்கே நல்ல மழை, பூட்டிய வீட்டுக்குள் ஈரம் தங்கும். சாவி கொடுத்துவிட்டுப் போகும் பக்கத்து வீட்டம்மாவிடம் மாதம் ஒருநாள் சைக்கிளை வெளியே எடுத்து நாலடி உருட்டச் சொல்லுங்கள். உருட்டினால் சக்கர அச்சின் பால்ரஸில் (பேரிங் குண்டுகளில்) கிரீஸ் ஒரே பக்கம் உறையாது, எலி கூடு கட்டியிருந்தாலும் தெரிந்துவிடும். பிரேக் கேபிளை எலி கடித்துவிட்டால் வெளியே பார்த்தால் தெரியாது, பிடிக்கும்போதுதான் அறும்.

அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன். மாதக்கணக்கில் நின்ற வண்டியைத் தூசி தட்டி அப்படியே பிள்ளையிடம் கொடுக்காதீர்கள். பிரேக் கட்டை காய்ந்து கல்லாகியிருக்கும். பிடித்த மாதிரி இருக்கும், இறக்கத்தில் நிற்காது. வாசலிலேயே இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து வண்டியைத் தள்ளிப் பாருங்கள். சக்கரம் உருண்டால் ஓட்ட விடாதீர்கள், உருட்டிக்கொண்டே கடைக்கு வாருங்கள். பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கும்போதே வந்தால் சக்கரத்தின் கோட்டம் எடுத்து, பிரேக் கட்டை மாற்றி, நிதானமாகப் பார்த்துக் கொடுக்க முடியும்.