தீர்ப்பு வந்த பிறகுதான் பாதி வேலை

அவதூறு வழக்கில் தண்டனை பெற்ற செய்தியாளர் ஒருவர் என்னிடம் வந்து கைப்பேசியை நீட்டினார். சம்மன், மிரட்டல் செய்திகள், இறுதித் தீர்ப்பின் இரண்டாம் பக்கம் என்று எல்லாம் படங்களாக இருந்தன. முதல் பக்கத்தைக் காணோம். தீர்ப்பு எப்போது கைக்கு வந்தது என்றும் அவருக்கு நினைவில்லை. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போக, இறுதித் தீர்ப்பிலிருந்து நான்கே மாதம்தான் அவகாசம். 2022 பிப்ரவரிக்கு முன்பு ஆறு மாதம் இருந்தது. அடிபட்டுக் கிடக்கும் மனிதருக்கு நாட்களை எண்ணத் தோன்றாது. பக்கத்தில் ஓர் அமைப்பு இருந்தால் அது எண்ணும்.

அர்ஜென்டினாவில் எடுவார்டோ கிமெல் என்ற செய்தியாளர் 1989-இல் ஒரு புத்தகம் எழுதினார். 1976-இல் ஐந்து மத ஊழியர்கள் கொல்லப்பட்ட வழக்கை விசாரித்த நீதிபதியை அதில் விமர்சித்தார். நீதிபதி வழக்குப் போட்டார். ஓராண்டுச் சிறை, 20,000 பெசோ இழப்பீடு. கிமெல் தனி ஆளாக இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். செல்ஸ் என்ற மனித உரிமை அமைப்பு அவருக்குத் துணை நின்று வழக்கை அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை அமைப்புமுறைக்குக் கொண்டுபோனது. 2008 மே மாதம் அந்த அமைப்புமுறையின் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. சட்டத்தையே திருத்தச் சொன்னது. 2009 நவம்பரில் அர்ஜென்டினா திருத்தியது. பொதுநலன் சார்ந்த பேச்சுக்கு அவதூறுத் தண்டனை கிடையாது என்று ஆனது. புத்தகத்திலிருந்து திருத்தம் வரை இருபது ஆண்டுகள்! சில மாதங்களில், 2010 தொடக்கத்தில், கிமெல் இறந்துபோனார். அவர் கண் முன்னே சட்டம் மாறியது என்பது எனக்கு இன்றும் பெரிய ஆறுதல்.

ஆப்பிரிக்க மனித உரிமை நீதிமன்றத்தில் புர்கினா பாசோ பத்திரிகையாளர் கொனாத்தேயின் வழக்கும் (2014) இப்படித்தான். அங்கே பல அமைப்புகள் மூன்றாம் தரப்பாகச் சேர்ந்து வாதங்களைக் கொடுத்தன. அவருக்கு விதித்த சிறைத் தண்டனை பேச்சுரிமை மீறல் என்று தீர்ப்பு வந்தது.

சரி, அப்புறம்? பெரும்பாலோர் இங்கே கலைந்துவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம். ஐரோப்பாவில் தீர்ப்புகள் நிறைவேறுகின்றனவா என்று பார்ப்பது ஐரோப்பிய கவுன்சில் உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் குழு. அதன் 9-ஆம் விதிப்படி, வழக்கில் சம்பந்தமே இல்லாத தொண்டு அமைப்பும் அந்தக் குழுவுக்கு எழுதலாம். அதற்கு வக்கீல்கூட வேண்டாம். "சட்டத்தைத் திருத்திவிட்டோம்" என்று அரசு சொல்லும்போது, அதே பிரிவில் அதற்குப் பிறகும் பதிவான வழக்குகளைத் தேதியோடு வைத்தால், கோப்பை அவ்வளவு எளிதில் மூட முடியாது. அந்தப் பட்டியலை உள்ளூரில் இருப்பவர்கள்தான் தயாரிக்க முடியும்.

அந்தச் செய்தியாளரின் தேதி கடைசியில் அவருடைய சங்க அலுவலகத்தில் கிடைத்தது. தீர்ப்பு வந்த கவரைச் செயலாளர் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். அஞ்சல் முத்திரை தெளிவாக இருந்தது. கெடு முடிய இன்னும் பதினொரு நாள். அன்று இரவே மனுவை எழுத உட்கார்ந்தோம்.