ஆர்.வி. வீட்டில் குளிர்காலம்: தண்ணீர் புகும் வழிகள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் சொந்த வீட்டை விட்டுவிட்டு, ஆர்.வி. எனப்படும் படுக்கையும் சமையலறையும் கொண்ட வீட்டு வண்டியிலேயே வருடம் முழுக்கக் குடியிருப்பவர்கள் ஏராளம். முதல் குளிர்காலத்திலேயே அவர்களுக்கு ஒரு விஷயம் புரிந்துவிடும்: வண்டியில் எதிர்பார்த்த பிரச்சினை குளிர், வந்து நிற்கும் பிரச்சினை தண்ணீர். காலையில் ஜன்னல் கண்ணாடி முழுக்கத் தண்ணீர் வழிகிறது, மெத்தையைத் தூக்கினால் அடியில் கரும்பூஞ்சை, தரைக்கு அடியில் குழாய் உறைந்து கிடக்கிறது. இவற்றைத் தனித்தனியாகச் சரிசெய்யப் போனால் ஒன்றைத் தீர்ப்பது இன்னொன்றைக் கெடுக்கும். சூடு போகக் கூடாதென்று காற்றுத் துவாரத்தை அடைத்தால் பூஞ்சை பிடிக்கும். கேஸை மிச்சப்படுத்த மின்சார ஹீட்டர் வைத்தால் குழாய் வெடிக்கும். ஏன் இப்படி என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

8 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரமுள்ள, இன்னொரு வண்டி இழுத்துப்போகும் ட்ரெய்லர் வகை ஆர்.வி.யை எடுத்துக்கொள்வோம். அலமாரி, கட்டில் எல்லாம் போக உள்ளே சுமார் 35 கன மீட்டர் காற்று இருக்கும். 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 17.3 கிராம் நீராவியைத்தான் தாங்கும். ஆக, வண்டி முழுவதும் சேர்ந்து 600 கிராம். தூங்கிக்கொண்டிருக்கும் ஒருவர் மூச்சிலும் தோலிலும் மணிக்குச் சுமார் 40 கிராம் நீரை வெளிவிடுகிறார். இரண்டு பேர், எட்டு மணி நேரம் என்றால் 640 கிராம். படுக்கப் போகும்போது காற்று எலும்பாகக் காய்ந்திருந்தாலும்கூட, விடிவதற்குள் இருவரின் மூச்சே அதை நிரப்பிவிடும். நடைமுறையில் சமையலும் குளியலும் முடிந்து ஏற்கெனவே பாதிக்கு மேல் நிரம்பிய காற்றில்தான் படுக்கிறார்கள். வீட்டில் இதே இரண்டு பேர் இதே அளவு நீரைத்தான் விடுகிறார்கள். அங்கே காற்று பல மடங்கு அதிகம் என்பதால் யாருக்கும் தெரிவதில்லை.

மிஞ்சிய நீராவி எங்கே போகும்? ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறம் வேர்ப்பதுபோல, வண்டியில் எந்தப் பரப்பு மிகக் குளிர்ந்திருக்கிறதோ அங்கே நீராகப் படியும். 20 டிகிரியில், 50 சதவீத ஈரப்பதமுள்ள காற்று 9 டிகிரிப் பரப்பைத் தொட்டாலே படிய ஆரம்பிக்கும். இந்த வெப்பநிலைதான் பனிநிலை. வெளியே மைனஸ் 5, உள்ளே 20 என்றால் ஒற்றைக் கண்ணாடி ஜன்னலின் உட்புறம் ஏறக்குறைய 2 டிகிரியில் இருக்கும். இரட்டைக் கண்ணாடியானால் 11 டிகிரி. அதனால் முதல் ஜன்னல் சொட்டும், இரண்டாவது காய்ந்திருக்கும். கண்ணாடியை விட மோசமானது அதன் அலுமினியச் சட்டம். மரத்தைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தக்கூடியது அது, வெளிக்குளிரை அப்படியே உள்ளே கொண்டுவரும். சுவருக்குள் அலுமினியக் கம்பம் வைத்துக் கட்டிய வண்டிகளில் கம்பம் இருக்கும் இடமெல்லாம் சுவரில் கோடு கோடாக ஈரம் தெரிவதும் இதனால்தான்.

ஜன்னலில் வழியும் தண்ணீரைத் துணியால் துடைத்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் படிவதுதான் ஆபத்து. கட்டிலின் பிளைவுட் பலகைக்குக் கீழே பொருள் வைக்கும் அறை, அதற்குக் கீழே வெளிக்காற்று. உடம்பின் ஈரம் மெத்தை வழியாக மெல்ல இறங்கி, அந்தக் குளிர்ந்த பலகையில் படிகிறது. மேலே ஃபோம், கீழே பலகை, நடுவில் காற்றே போகாது. இரண்டு மூன்று வாரத்தில் கரும்புள்ளிகள் வந்துவிடும். மெத்தைக்கும் பலகைக்கும் நடுவில் 2 செ.மீ. இடைவெளி தரும் வலைப்பின்னல் பாய் ஒன்று போட வேண்டும். அல்லது பலகையை எடுத்துவிட்டு மரச்சட்டங்களை இடைவெளி விட்டு அடிக்க வேண்டும். வெளிச்சுவரை ஒட்டிய துணி அலமாரிக்கும் இதே வைத்தியம்தான்: துணி சுவரைத் தொடக் கூடாது, கதவு கொஞ்சம் திறந்திருக்க வேண்டும்.

குளிருக்குப் பலர் உடனே செய்வது, ஜன்னலுக்கு உட்புறம் வெள்ளி நிற ஃபோம் பலகையைச் செருகுவது. சூடு நிற்கும் என்பது உண்மை. ஆனால் கண்ணாடிக்கு உள்ளிருந்து வரும் சூடு தடைபடுவதால் அது இன்னும் குளிர்கிறது. பலகையின் ஓரங்களில் காற்று நுழைய இடமிருப்பதால் நீராவி பின்னால் போய், யாரும் பார்க்காத இடத்தில் பனியாகவே உறைகிறது. வெயில் வந்ததும் உருகிச் சுவருக்குள் இறங்கும். நான்கு பக்கமும் டேப் ஒட்டி, ஹேர் டிரையரால் சூடாக்கி இழுத்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் படலம் இதைவிட நல்லது. காற்றுப் புகாமல் ஒட்டினால்தான் பலன்.

சரி, ஈரத்தை வெளியேற்றுவது எப்படி? ஜன்னலைத் திறந்து, மேலே உள்ள காற்றுத் துவாரத்தையும் கொஞ்சம் திறந்து வைப்பதுதான். “இந்தக் குளிரில் திறப்பதா, வெளியே மழை வேறு பெய்கிறதே” என்ற தயக்கம் நியாயமானது. கணக்கைப் பாருங்கள். 0 டிகிரியில் மழையிலேயே இருந்தாலும் ஒரு கன மீட்டர் வெளிக்காற்றில் 4.8 கிராமுக்கு மேல் நீராவி இருக்க முடியாது. அதை உள்ளே கொண்டுவந்து 20 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் சுமார் 26 சதவீதம்தான். உள்ளிருந்து வெளியே போகும் 50 சதவீத ஈரக்காற்றில் 8.6 கிராம் இருக்கும். ஒவ்வொரு கன மீட்டருக்கும் ஏறக்குறைய 4 கிராம் லாபம். இருவர் மணிக்கு விடும் 80 கிராமை வெளியேற்ற 20 கன மீட்டர் காற்று மாறினால் போதும். அந்தக் காற்றைச் சூடாக்க ஆகும் செலவு சுமார் 135 வாட். நாள் முழுக்க இப்படி ஓடினாலும் 300 கிராம் புரொப்பேன் அளவுக்குத்தான் வரும். பூஞ்சை பிடித்த சுவரைப் பிரித்துக் கட்டும் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

கூரைத் துவாரத்தை 2 செ.மீ. திறந்து, காற்று அடிக்காத பக்கத்தில் ஒரு ஜன்னலை 1 செ.மீ. திறக்க வேண்டும். சூடான காற்று மேலே போக, புதுக்காற்று கீழே நுழையும். கூரை மின்விசிறியைக் குறைந்த வேகத்தில் வெளிப்பக்கம் தள்ளும்படி ஓட்டினால் உறுதி. ஈரப்பதமானி ஒன்று கட்டாயம் வேண்டும், 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் கால்சியம் குளோரைடு டப்பாக்கள் சில நாளில் சில நூறு கிராம்தான் இழுக்கும். மூடிய அலமாரிக்குச் சரி, வண்டி முழுவதற்கும் போதவே போதாது. காற்றின் ஈரத்தை இழுக்கும் டிஹ்யூமிடிஃபயர் கம்ப்ரெஸர் வைத்ததானால், குளிர்ந்த அறையில் தன் சுருளே உறைந்து நின்றுவிடும். குளிருக்கு உறிஞ்சு பொருளைச் சூடாக்கி வேலைசெய்யும் வகையைத்தான் வாங்க வேண்டும், அதற்கு மின் இணைப்பும் வேண்டும்.

இனி கேஸ். புரொப்பேன் எரிந்தால் கார்பன் டை ஆக்சைடோடு தண்ணீரும் உருவாகும்: 1 கிலோ எரிந்தால் 1.6 கிலோ தண்ணீர். எரிந்த பொருளைவிட உருவாகும் தண்ணீர் அதிகமாக இருப்பது, ஆக்சிஜன் காற்றிலிருந்து வந்து சேர்வதால். அடுப்பில் ஒரு பர்னர் முழுத் தீயில் ஒரு மணி நேரம் எரிந்தால் 300 கிராம் நீராவி. புகைபோக்கி இல்லாத, கையில் தூக்கிவைக்கும் கேஸ் ஹீட்டரை மணிக்கு 9,000 பி.டி.யு. (சூட்டை அளக்கும் அலகு) அளவில் இரவு முழுக்க ஓட்டினால் இரண்டரை லிட்டர். அதோடு ஆக்சிஜன் குறையும், கார்பன் மோனாக்சைடு சேரும். தூங்கும்போது அதை எரிக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலைசெய்கிறதா என்று பட்டனை அழுத்திப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். புரொப்பேன் கசிவு அலாரம் தரையை ஒட்டி இருப்பதற்குக் காரணம், அந்த வாயு காற்றைவிடக் கனமானது என்பது.

வண்டியோடு பொருத்தப்பட்டு வரும் கேஸ் ஹீட்டரான ஃபர்னஸ் அப்படியல்ல. அதன் எரிகலன் தனியாக மூடப்பட்டது, காற்றை வெளியிலிருந்து எடுத்துப் புகையை வெளியே விடும். வரும் சூடு காய்ந்த சூடு. ஆனால் அதன் பசி பெரிது. 30,000 பி.டி.யு. ஃபர்னஸ் விடாமல் எரிந்தால் 13.6 கிலோ சிலிண்டர் சுமார் 21 மணி நேரத்தில் தீரும். பேட்டரியும் வேண்டும்: அதன் விசிறி 12 வோல்ட்டில் 7 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். இரவில் மொத்தம் ஆறு மணி நேரம் ஓடினால் 42 ஆம்பியர் மணி. 100 ஆம்பியர் மணி லெட் ஆசிட் பேட்டரியில் கெடாமல் எடுக்கக்கூடியது பாதிதான், குளிரில் அதுவும் சுருங்கும்.

விடிகாலையில் கேஸ் இருந்தும் ஃபர்னஸ் எரியாததற்குக் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. ஃபர்னஸுக்குள் விசிறிக் காற்று தள்ளினால் சாயும் ஒரு சிறு தகடு உண்டு. அது சாய்ந்து சுவிட்சை மூடினால்தான் கேஸ் திறந்து பற்றும். பேட்டரி 11 வோல்ட்டை நெருங்கும்போது விசிறி சுற்றும், ஆனால் தகட்டைச் சாய்க்கும் வேகம் இருக்காது. குளிர்ந்த காற்று மட்டும் ஊதும், மிச்ச மின்சாரமும் தீரும். ஃபர்னஸைப் பிரிக்கும் முன் பேட்டரி வோல்டேஜைப் பாருங்கள். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிக்கு மாறினால் இந்தத் தொல்லை குறையும், வேறொரு நிபந்தனை வரும்: 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. செய்தால் எதிர்மின்முனையின் மேல் லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெடும். நல்ல பேட்டரியின் கட்டுப்பாட்டுச் சர்க்யூட் சார்ஜைத் தானே துண்டிக்கும். வெயிலடித்தும் சோலார் ஏறவில்லை என்றால் இதுவாக இருக்கலாம். பேட்டரியை வண்டிக்குள் வைப்பதே தீர்வு.

குளிர்தாங்கும் வண்டி என்று விற்பவற்றில் தரைக்கடியில் ஒரு மூடிய அறை உண்டு. தொட்டிகளும் குழாய்களும் அங்கேதான் இருக்கும். அதைச் சூடாக்குவது ஃபர்னஸிலிருந்து போகும் ஒரு குழாய்க் காற்று மட்டுமே. கேம்ப் தளத்தில் மின்சாரம் வாடகையோடு சேர்ந்து வருகிறது என்று 1,500 வாட் ஹீட்டரை உள்ளே வைத்தால் அறை கதகதப்பாகிவிடும், அறை வெப்பத்தைப் பார்த்து ஃபர்னஸை இயக்கும் தெர்மோஸ்டாட் திருப்தியாகிவிடும், ஃபர்னஸ் ஓடாது. கீழே குழாய் உறையும். மின்சார ஹீட்டரைக் குறைத்து வைத்து, இரவில் ஃபர்னஸ் மணிக்குச் சில நிமிடமாவது ஓடும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். கீழறையில் வயர்லெஸ் வெப்பமானியின் சென்சார் ஒன்றை வைத்து 3 டிகிரிக்கு அலாரம் வைப்பது மிக மலிவான காப்பீடு.

உறையும் நீர் 9 சதவீதம் விரிகிறது. ஆனாலும் குழாய் பெரும்பாலும் பனிக்கட்டி இருக்கும் இடத்தில் வெடிப்பதில்லை. பனிக்கட்டி வளர வளர, அதற்கும் மூடிய குழாய்முனைக்கும் நடுவில் சிக்கிய தண்ணீரை நெருக்குகிறது. அந்த அழுத்தத்தில் எங்கே பலவீனமோ அங்கே பிளக்கும். வண்டிகளில் போடும் வளையும் பிளாஸ்டிக் குழாயான பெக்ஸ் கொஞ்சம் விரிந்து கொடுக்கும், பிளாஸ்டிக் இணைப்புகள் கொடுக்காது. வெளிப்புற ஷவர், வடிகட்டிக் குடுவை, பம்பின் முன்னால் உள்ள சிறு சல்லடைக் கிண்ணம் இவைதான் முதலில் போகும். வெளிக்குழாயிலிருந்து வண்டிக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஹோஸைக் குளிர் இரவில் மாட்டி வைக்காதீர்கள். பகலில் உள் தொட்டியை நிரப்பி, ஹோஸைக் கழற்றி, நீரை வடித்துச் சுருட்டி வைத்துவிட்டு, பம்பில் ஓட்டுவது நல்லது. உபயோகிக்காத குழாய்களில் ஊற்றுவதானால் ஆர்.வி.க்கென்று விற்கும் புரொப்பிலீன் கிளைக்கால் திரவம் மட்டுமே. கார் ரேடியேட்டரின் எத்திலீன் கிளைக்கால் விஷம்.

கழிவுநீரில் வழக்கத்தை மாற்ற வேண்டும். மற்ற நாளில் குளியல் நீர்த் தொட்டியின் வால்வைத் திறந்தே வைப்பவர்கள் உண்டு. உறைபனியில் அந்தச் சொட்டுத் தண்ணீர் கழிவுநீர் ஹோஸில் படலம் படலமாக உறைந்து அடைத்துவிடும். மூடி வைத்து, நிரம்பியதும் ஒரே வீச்சில் விடுங்கள். கழிவறைத் தொட்டியை எந்தக் காலத்திலும் திறந்து வைக்கக் கூடாது. திரவம் வடிந்து திடப்பொருள் குவியலாகக் காய்ந்து, பிறகு எதற்கும் அசையாது. மூன்றில் இரண்டு பங்கு நிரம்பட்டும், முதலில் அதைத் திறந்து, பிறகு குளியல் நீரை விட்டால் ஹோஸும் கழுவப்படும். அளவுகாட்டும் விளக்கு பாதியில் நின்றால் தொட்டிச் சுவரில் காகிதம் ஒட்டி சென்சார் ஏமாறுகிறது என்று பொருள்.

குளிருக்குப் பயந்து அரிசோனாவின் குவார்ட்ஸைட் பாலைவனத்துக்குப் போகிறவர்களும் அதிகம். அங்கே லா போசா என்ற முகாம் பகுதியில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அரசு நிலத்தில் நீண்டகாலம் தங்க அனுமதி வாங்கலாம். உறைபனி அபூர்வம், ஆனால் நிறுத்தும் இடத்தில் குழாயும் இல்லை, மின்சாரமும் இல்லை. அதற்காக 200 லிட்டர் நிரப்பிக்கொண்டு கிளம்பினால் 200 கிலோ ஏறிவிட்டது என்பதை மறக்கக் கூடாது. தொட்டி சக்கர அச்சுக்குப் பின்னால் இருந்தால், இழுக்கும் வண்டியோடு ட்ரெய்லரை இணைக்கும் கொக்கியில் விழும் எடை குறையும். அது ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 சதவீதத்துக்குக் கீழே போனால் நெடுஞ்சாலையில் ட்ரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும். போய்ச் சேரும் இடத்துக்கு அருகில் நிரப்புங்கள்.

கடைசியாகக் கூரை. மேலே ரப்பர் படலம், அதில் துவாரம், புகைபோக்கி, ஆன்டெனா என்று எத்தனை ஓட்டையோ அத்தனையும் இடுக்கை அடைக்கும் பசையான சீலண்டை நம்பியே இருக்கின்றன. வெயிலிலும் குளிரிலும் அது காய்ந்து மயிர்க்கோடாக விரியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏறி, ஒவ்வொரு விளிம்பையும் கையால் தடவிப் பாருங்கள். கசிவு நுழையும் இடமும் உள்ளே கறை தெரியும் இடமும் ஒன்றாக இருப்பதில்லை, இரண்டு மீட்டர் தள்ளிக்கூடத் தெரியும். வெளிச்சுவரின் மூலைகளை உள்ளங்கையால் அழுத்துங்கள். மெத்தென்று அமுங்கினாலோ, வெயில் சாய்வாக விழும்போது குமிழ் தெரிந்தாலோ, ஃபைபர்கிளாஸ் பின்னால் உள்ள பிளைவுட்டிலிருந்து பிரிந்துவிட்டது. அதை ஒட்டவைப்பது மிகக் கடினம், சுவரையே மாற்ற வேண்டிவரும். விரிசலை மூட, தானே பரவிச் சமமாகும் கூரை சீலண்டைப் பயன்படுத்துங்கள். ரப்பர் கூரையைப் பெட்ரோல், டின்னரால் துடைக்காதீர்கள், ரப்பர் உப்பிவிடும். சிலிக்கான் சீலண்டை மட்டும் தொடவே வேண்டாம். ஒருமுறை பூசிவிட்டால் அதன்மேல் வேறு எந்தச் சீலண்டும் பிடிக்காது, அடுத்த முறை முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.