குமிழ்

பூக்கண்டு வளர்ப்போர் 'பல்ப்' என்று சொல்வதற்குத் தமிழில் குமிழ் என்ற நல்ல சொல் இருக்கிறது. 'பல்ப்' கிரேக்க மொழியின் 'பொல்பொஸ்' என்பதிலிருந்து இலத்தீன் வழியாக வந்தது. வெங்காயம் போன்ற நிலத்தடி உருண்டைக்கே முதலில் அந்தப் பெயர். விளக்குக்கு அது வந்தது பிற்காலத்தில், உருவத்தைப் பார்த்து.

குமிழ்த்தல் என்றால் திரண்டு உருண்டு எழுதல். நீர்க்குமிழியும் அந்த வேரில் பிறந்ததே. இலங்கையில் நாம் அன்றாடம் மின்குமிழ் என்கிறோம். செடிக்குச் சொல்ல மட்டும் ஏன் தயங்க வேண்டும்? குமிழ் என்று ஒரு மரமும் உண்டு, மூக்குக்கு உவமையாக வரும் குமிழம்பூ அதனுடையது. ஆகவே பூச்செடியைப் பூங்குமிழ் என்றால் குழப்பம் வராது.

பலர் கிழங்கு என்று எழுதிவிடுகிறார்கள். அது சரியில்லை. வத்தாளங்கிழங்கை வெட்டினால் உள்ளே ஒரே சதை. நிலாவெளிச் சின்ன வெங்காயம் ஒன்றை நெடுக்காகப் பிளந்து பாருங்கள்: அடியில் தட்டையாக ஒரு வட்டு, அதுதான் தண்டு. அதன் கீழே வேர். மேலே ஒன்றையொன்று போர்த்திய செதில்கள், அவை தடித்த இலையடிகள். நடுவில் அடுத்த முளை. இந்த அமைப்பு இருந்தால்தான் குமிழ். கார்த்திகைப்பூவுக்கு நிலத்தடியில் இருப்பது கலப்பை வடிவக் கிழங்கு. கலப்பைக்கிழங்கு என்ற பெயரே அதைச் சொல்லிவிடுகிறது.

திருகோணமலைக்கு இந்த வேறுபாடு தெரிந்திருப்பது நல்லது. எங்கள் மழையில் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கித் தை வரை கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு வெயிலும் கச்சான் காற்றும்தான். அந்த மாதங்களில் பூங்குமிழ் செதில்களில் சேர்த்த நீரையும் உணவையும் வைத்துத் தாக்குப்பிடிக்கும். சிலவற்றில் இலை முழுதும் காய்ந்துவிடும். செத்துப்போச்சென்று பிடுங்கி எறிகிறார்களே, அதைப் பார்க்க மனம் கேட்பதில்லை! மழை அல்லியை அப்படியே விட்டுவையுங்கள். காய்ந்த மண்ணில் ஒரு நல்ல மழை விழுந்தால் சில நாளிலேயே பூத்துவிடும்.

வறட்சியைவிடத் தேங்கும் நீரே குமிழுக்குப் பகை. உப்புவெளிப் பக்கத்து மணலில் கவலையில்லை. களிமண்ணென்றால் மேடை உயர்த்தி, மணல் கலந்து நடவேண்டும். செங்குழல்போலப் பெரிதாகப் பூக்கும் லில்லிக் குமிழின் கழுத்து மண்ணுக்கு மேலே தெரியட்டும். கடற்கரையில் தானாகவே வளரும் விஷமூங்கில், பெயரில்தான் மூங்கில், அதுவும் ஒரு பூங்குமிழே, வெயிலையும் உப்புக்காற்றையும் நன்றாகத் தாங்கும்.

2009 இல் வந்த தாவர வகைப்பாடு வெங்காயத்தையும் இந்த லில்லிகளையும் ஒரே குடும்பத்தில் சேர்த்தது. அதை நம்பி வாயில் வைத்துவிடக் கூடாது. லில்லி, மழை அல்லி, விஷமூங்கில் மூன்றின் குமிழிலும் வாந்தியெடுக்கச் செய்யும் நஞ்சு உண்டு. தோண்டியெடுத்து உலர்த்தும் குமிழ்களைப் பெயர் எழுதிய பையில் போட்டு, வெங்காயக் கூடைக்கு எட்டத்தில், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.