ஷ்விட்ஸ்: வியர்க்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

யித்திஷ் மொழியில் ஷ்விட்ஸ் என்றால் வியர்வை. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா போன யூதர்கள், கூடிக் குளிக்கும் நீராவிக் குளியலகத்தையும் அப்படியே அழைத்தார்கள். நியூயார்க்கின் கிழக்கு 10ஆம் தெருவில் 1892இல் தொடங்கிய குளியலகம் இன்றும் இயங்குகிறது. வியர்க்கப் போகும் வழக்கம் அதைவிடப் பழையது. யூதர்களின் வார ஓய்வு நாளான சபாத்தில் வெந்நீர்க் குளியலைத் தடுத்தபோது, "குளிக்கவில்லை, வியர்க்க வந்தோம்" என்று சிலர் சாக்குச் சொல்ல, வியர்ப்பதற்கும் தடை வந்தது என்கிறது யூதர்களின் பழைய சமயச் சட்ட நூலான தால்முத்.

இங்கே வெப்பமானியை மட்டும் நம்பக் கூடாது. சானா எனும் வறண்ட வெப்ப அறையில் 80 டிகிரி செல்சியஸைத் தாங்குகிறவர், நீராவி நிறைந்த அறையில் 50 டிகிரியிலேயே திணறுவார். ஈரக்காற்றில் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடிவிடும், உடல் குளிராது. போதாததற்கு நீராவி தோலில் படிந்து நீராகும்போது தன் வெப்பத்தையும் இறக்கிவிடுகிறது. சூடு மேலே ஏறும் என்பதால் புதியவர்கள் கீழ்ப்படியில் உட்காரட்டும், 5 முதல் 10 நிமிடம் போதும். கழுத்துச் சங்கிலியை வெளியிலேயே கழற்றிவிடுங்கள். உலோகம் தோலைச் சுடும்.

பிளாட்ஸா என்பது ஊறவைத்த ஓக் இலைக் கட்டைச் சோப்பு நுரையோடு முதுகில் அடித்துத் தேய்ப்பது. ஒவ்வொரு அடியும் சூடான காற்றைத் தோலோடு அழுத்துகிறது. அதனால்தான் தலையைக் குளிர்ந்த ஈரத்துண்டால் மூடுகிறார்கள். படுத்திருந்தவர் சட்டென்று எழுந்தால் மயங்கி விழலாம். தோலின் ரத்தக் குழாய்கள் விரிந்திருக்கும்போது ரத்த அழுத்தம் சரிந்துவிடும். இரண்டு நிமிடம் உட்கார்ந்த பிறகே எழ வேண்டும். ரத்த அழுத்த மாத்திரையும் நீர் பிரிக்கும் மாத்திரையும் சாப்பிடுவோருக்கு இந்த ஆபத்து அதிகம். மது அருந்திவிட்டு உள்ளே போகவே கூடாது.

வெந்நீரில் குளித்துக் குளிர்ந்த நீரில் அலசாதவன், நெருப்பிலிட்டுத் தண்ணீரில் தோய்க்காத இரும்பு போன்றவன் என்றும், குளித்தும் தண்ணீர் குடிக்காதவன் வெளியே மட்டும் சூடேறிய அடுப்பு என்றும் தால்முத் உவமை சொல்லும். அடுப்பு உவமையை அப்படியே ஏற்கலாம்: ஒரு அமர்வில் அரை லிட்டர் வியர்வை போவது சாதாரணம். யூதர்களின் யோம் கிப்பூர் நோன்பில் ஏறத்தாழ 25 மணி நேரம் தண்ணீரும் கிடையாது என்பதால், அதற்கு முந்தைய மணிநேரங்களில் வியர்க்கப் போவது சரியல்ல.

இரும்பு உவமைதான் எல்லாருக்கும் பொருந்தாது. பனிக்குளிர் தொட்டியில் குதித்தால் மூச்சு திடுக்கென்று இழுபடும், ரத்த அழுத்தம் எகிறும். அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும், அடிக்கடி நெஞ்சுவலி வருகிறவர்களும், இதய வால்வு சுருங்கியவர்களும் வெப்ப அறை, குளிர்த்தொட்டி இரண்டையும் தவிர்க்க வேண்டும். கர்ப்பிணிகளும் அப்படியே. மற்றவர்கள் காலில் தொடங்கிக் கை, தோள் என்று வாளித் தண்ணீரை மெல்ல ஊற்றிக்கொண்டால் போதும்.